ஃபிளெக்சிபிளா, அக்ரிலிக்கா? மேல் தாடைக்கு ஒரு பதில், கீழ்த் தாடைக்கு வேறு பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 53 வயது. வீட்டோடு சேர்ந்த தையல் கடை வைத்திருக்கிறேன். ஏழு வருடமாகச் சுகர் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு கீழே வலது பக்கம் கடைசி மூன்று கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து இடது பக்கமாகவே மென்று பழகிவிட்டேன். போன மாதம் மேலே முன்பல் இரண்டு ஆட்டம் கண்டு, அவற்றையும் எடுத்தாயிற்று. ஒரு கிளினிக்கில், "ஃபிளெக்சிபிள் செட் போடுங்கள், கீழே விழுந்தாலும் உடையாது, கம்பி தெரியாது, கீழ்ப்பல்லுக்கு ஒரு பக்கம் மட்டும் சின்னதாகச் செய்துவிடலாம்" என்கிறார்கள். இன்னொரு டாக்டர், "உங்களுக்கு அக்ரிலிக் போதும்" என்கிறார். விலை மூன்று மடங்கு வித்தியாசம். பக்கத்து வீட்டு அக்கா ஃபிளெக்சிபிள் போட்டு இரண்டு வருடமாகச் சந்தோஷமாக இருக்கிறார். இரண்டு மாதத்தில் ஆவணியில் என் பெண்ணுக்குக் கல்யாணம். நான் எதைப் போடுவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் விலையை விடவும் என் கண்ணில் முதலில் பட்டவை இரண்டு. மேலே பல் எடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. கீழே எடுத்த பற்களுக்குப் பின்னால் தாங்குவதற்கு வேறு பல்லே இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. மேலே இப்போதைக்கு அக்ரிலிக் போடுங்கள். கீழே ஃபிளெக்சிபிள் வேண்டாம், அதிலும் அந்த ஒரு பக்கச் சின்ன செட் வேண்டவே வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

நீங்கள் தையல்காரர் என்பதால் பொருளைப் புரியவைப்பது எனக்குச் சுலபம். ஃபிளெக்சிபிள் செட் என்று விற்கப்படுவது பெரும்பாலும் நைலான். நைலான் நூலின் முனையை நெருப்பில் காட்டினால் கருகிச் சாம்பலாகாமல் உருகி மணியாகத் திரளும் இல்லையா, அதே குணம்தான் இதற்கும். பல் லேபில் இதைச் சுமார் 280 டிகிரிக்கு மேல் உருக்கி, அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். ஆறினால் வளையும், ஆனால் முறியாது. அக்ரிலிக் அப்படி இல்லை. பொடியையும் திரவத்தையும் சேர்த்து, பூரி மாவு பதத்துக்கு வந்ததும் அச்சில் வைத்து, சுடுநீரில் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். வெந்து இறுகியபின் பழையபடி மாவாகாது. 1930-களின் கடைசியில் இது வந்தது. அதற்கு முன் வல்கனைட் என்ற கெட்டி ரப்பரில்தான் பல்செட் செய்தார்கள். நைலான் செட் 1950-களிலேயே வந்துவிட்டது. ஆகவே ஃபிளெக்சிபிள் நேற்றுக் கண்டுபிடித்த நவீனப் பொருள், அக்ரிலிக் காலாவதியான பொருள் என்று யாராவது சொன்னால் அதை நம்பவேண்டாம்.

நைலான் வளைவதால் கிடைக்கும் சௌகரியம் பெரிது, அதை மறுக்க மாட்டேன். கம்பிக் கொக்கி தேவையில்லை, ஈறு நிறத்திலேயே ஒரு பட்டை பக்கத்துப் பல்லைக் கவ்விக்கொள்ளும். மெல்லியதாக இருக்கும், நம் ஈறின் நிறம் அதன் வழியே தெரிவதால் இயற்கையாகத் தோன்றும். வாஷ்பேசினில் கைதவறி விழுந்தால் அக்ரிலிக் இரண்டாகும், இது துள்ளி விழும். உங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அவருக்கு எந்தப் பல் போயிருக்கிறது, அந்த இடைவெளிக்கு இரு பக்கமும் நல்ல பல் இருக்கிறதா, அவருக்குச் சுகர் உண்டா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அடுத்தவர் ரவிக்கை அளவை வைத்து நீங்கள் இன்னொருவருக்குத் துணி வெட்ட மாட்டீர்கள். பல்செட்டும் அதே மாதிரிதான்.

இனிக் கீழ்த் தாடைக்கு வருகிறேன், ஏனென்றால் தவறு நடந்தால் அதிகச் சேதம் அங்கேதான்.

நம் பல்லின் வேர் எலும்புக்குள் இருக்கிறது. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய நார் இருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடித்தாலும் நல்ல பல் கண்ணுக்குத் தெரியாத அளவுதான் அமுங்கும். ஈறு அப்படியில்லை, அதைப் போலப் பல மடங்கு அமுங்கும். விரலால் உங்கள் வலது பக்கக் காலி இடத்தை அழுத்திப் பாருங்கள், மெத்தை மாதிரி உள்ளே போகும். முன்னும் பின்னும் பல் இருக்கும் இடைவெளியில் செட் வைத்தால், இரு முனையும் பல்லின் மேல் உட்கார வழி உண்டு. உங்களுக்குப் பின்னால் பல் இல்லை. ஒரு முனையைக் கல்லிலும் மறு முனையைச் சேற்றிலும் வைத்த பலகையில் ஏறி நின்றால் என்ன ஆகுமோ, நீங்கள் ஒவ்வொரு தடவை மெல்லும்போதும் அதுதான் ஆகும். பின்முனை அமுங்கும், முன்முனை நெம்பும். அந்த நெம்பலைத் தாங்கவேண்டியது கடைசியாக மிஞ்சியிருக்கும் அந்த ஒரு சிறு கடைவாய்ப் பல்.

இந்த இடத்தில் வளையும் பொருளை வைத்தால் பலகையே வளைகிறது. பாரம் பரவாமல், மெல்லும் இடத்துக்கு நேர் கீழே உள்ள ஈறிலும் எலும்பிலும் குவிகிறது. பெரும்பாலான ஃபிளெக்சிபிள் செட்களில் பல்லின் மேல் உட்காரும் தாங்கி இருக்காது. முழுக்க ஈறின் மேல்தான் படுத்திருக்கும். நாளாக ஆகச் செட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கூடவே அந்த ஈறு நிறப் பட்டை, பல்லும் ஈறும் சேரும் விளிம்பை அழுத்திக்கொண்டே போகும். ஈறு விளிம்பு இறங்கி வேர் வெளியே தெரியும். வலி இருக்காது, அதுதான் ஆபத்து. செட் வசதியாக இருக்கிறது என்று ஆட்கள் திரும்பி வரவே மாட்டார்கள்.

என்னிடமே இது நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த முதல் சில வருடங்களில், உங்களைப் போலவே பின்னால் பல் இல்லாத ஒரு பெரியவருக்குக் கீழே ஃபிளெக்சிபிள் செய்துகொடுத்தேன். அவர் கம்பி வேண்டாம் என்றார், நானும் சரி என்றேன். மூன்று வருடம் கழித்து, "பிரமாதமா இருக்கு டாக்டர், பக்கத்துப் பல் மட்டும் லேசா ஆடுது" என்று வந்தார். செட்டைக் கழற்றிப் பார்த்தால் அந்தப் பல்லின் வேர் பாதி வெளியே இருந்தது. நன்றாக இருந்த பல் அது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்று பல் கட்டப் போய் நான்காவது பல்லையும் இழக்க வைத்தேன். அன்றிலிருந்து, இல்லாத பல்லைப் பற்றி யோசிப்பதற்கு முன் இருக்கும் பல்லைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

அந்த ஒரு பக்கச் சின்ன செட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நாக்குக்கு இடைஞ்சல் இல்லை, வாயில் இருப்பதே தெரியாது என்பதால் எல்லோருக்கும் அது பிடிக்கும். மறுபக்கப் பற்களையும் துணைக்குப் பிடிக்காததால் அது பக்கவாட்டில் ஆடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தூக்கத்திலோ, அவசரமாகச் சாப்பிடும்போதோ, மயக்கம் வந்தாலோ அது கழன்று தொண்டைக்குள் போகலாம். சுகர் திடீரென்று இறங்கி மயக்கம் வரும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு. நைலானும் அக்ரிலிக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. எங்கே சிக்கியிருக்கிறது என்று தேடுவதே டாக்டர்களுக்குப் பெரும்பாடாகிவிடும். கீழ்ச் செட் எந்தப் பொருளில் செய்தாலும் சரி, நாக்குக்கு உள்பக்கமாக ஒரு பட்டை இடது பக்கம் வரை போய் அங்குள்ள பற்களையும் பிடித்திருக்கவேண்டும். முதல் இரண்டு வாரம் உறுத்தும், அப்புறம் நாக்கு பழகிவிடும்.

அப்படியானால் கீழே என்னதான் போடுவது? இந்த இடத்துக்கு நான் முதலில் சொல்வது, உங்களிடம் இரண்டு கிளினிக்கிலும் சொல்லாத மூன்றாவது வகை. காஸ்ட் பார்ஷியல் என்பார்கள். கோபால்ட் குரோமியம் என்ற உலோகத்தில் மெல்லிய சட்டம் வார்த்து, காலி இடத்தில் மட்டும் அக்ரிலிக்கும் பல்லும் வைப்பார்கள். தாங்கும் பற்களின் மேல் ஒரு அரிசி மணி உட்காரும் அளவுக்குச் சின்னக் குழி எடுத்து, சட்டத்தின் தாங்கி அதில் உட்காரும்படி செய்வார்கள். எனாமலுக்குள்ளேயே எடுக்கும் குழி என்பதால் ஊசியும் தேவையில்லை, வலியும் இல்லை. இதனால் பாரத்தில் ஒரு பங்கைப் பற்கள் வாங்கிக்கொள்ளும், சட்டம் வளையாததால் மீதி பாரம் ஈறில் பரவலாக இறங்கும். கம்பி தெரியுமே என்று கவலைப்படாதீர்கள். கீழே, பின்பக்கம், அதுவும் உதட்டுக்கும் கன்னத்துக்கும் உள்ளே இருப்பதைச் சிரிக்கும்போது யாரும் பார்க்க முடியாது. கவரிங் நகை, கைக்கடிகாரப் பின்பக்கம் பட்டால் தோல் அரிக்கும் என்றால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். நிக்கல் இல்லாத உலோகமாகப் பார்த்துச் செய்வார்.

விலை இதற்கும் அதிகம்தான், இடத்தைப் பொறுத்து ஃபிளெக்சிபிளை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். கல்யாணச் செலவு இருக்கும் வீட்டில் இது சங்கடம் என்று எனக்குத் தெரியும். இப்போது முடியாது என்றால் கீழே அக்ரிலிக்கே போடலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. வெறும் கொக்கி மட்டும் போடாமல், பக்கத்துப் பல்லின் மேல் உட்காரும் கம்பித் தாங்கியும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்துகொடுப்பார்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. செயற்கைப் பல் கட்டுவதற்கு அங்கே தனிப் பிரிவே உண்டு. சில தடவை அலையவேண்டி வரும், ஆனால் செலவு வெகுவாகக் குறையும்.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்கிறேன். கீழே எதுவுமே கட்டாமல் இருப்பதும் ஒரு வழிதான். நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் கைசர் என்ற பல் மருத்துவப் பேராசிரியர், முன்பற்களும் சிறு கடைவாய்ப் பற்களும் நன்றாக இருந்தால் பலருக்குச் சாப்பிட அதுவே போதுமாக இருக்கிறது என்று 1981-இல் எழுதினார். அதன் பிறகு, காலி இடத்தையெல்லாம் நிரப்பியே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் எங்கள் துறையில் தளர்ந்தது. உங்களுக்கு இடது பக்கம் முழுசாக இருக்கிறது, வலது பக்கமும் சிறு கடைவாய்ப் பற்கள் வரை இருக்கின்றன. மென்று சாப்பிட முடிகிறது, மேலே எதிர்ப்பக்கப் பற்கள் கீழே இறங்கி வரவில்லை என்றால், கல்யாணம் முடியும்வரை கீழ்ப்பல் வேலையைத் தள்ளிப்போடுவதில் தப்பில்லை. அவசரத்தில் தப்பான செட் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். பிரிட்ஜ் என்பது இரு பக்கப் பற்களையும் பிடித்து நடுவில் நிரந்தரமாக ஒட்டும் பல். பின்னால் பல் இல்லாததால் அங்கே அதைக் கட்ட வழியில்லை. இம்ப்ளான்ட், அதாவது எலும்புக்குள் திருகு பதித்து அதன் மேல் பல் வைக்க வழியுண்டு, ஆனால் முதலில் சுகர் கட்டுக்குள் வரவேண்டும்.

சுகரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். மேலே முன்பல் இரண்டு "ஆட்டம் கண்டு" எடுத்தார்கள் என்றால் அது சொத்தையால் போனதாகத் தெரியவில்லை, ஈறு நோயால் போயிருக்கிறது. அப்படியென்றால் பக்கத்துப் பற்களும் அதே நோயில் இருக்க வாய்ப்பு அதிகம். எந்தச் செட் செய்வதற்கும் முன்னால் ஈறைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு பல்லும் எவ்வளவு எலும்பில் நிற்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சுகர் பரிசோதனையையும் எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

நான் அக்ரிலிக் பக்கம் சாய்வதற்கு இதுவும் பெரிய காரணம். நாளைக்கு இன்னொரு பல் ஆடி விழுந்தால், அக்ரிலிக் செட்டில் அந்த இடத்தில் ஒரு பல்லைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. ஈறு வற்றி செட் தளர்ந்தால் உள்பக்கம் புது அக்ரிலிக் வைத்து நிரப்பிவிடலாம். உடைந்தால் ஒட்டலாம். கொக்கி தளர்ந்தால் குறடால் ஒரு திருகு, ஐந்து நிமிடம். செயற்கைப் பல்லும் அக்ரிலிக், தளமும் அக்ரிலிக் என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஒட்டும். நைலானில் எதுவும் அப்படி ஒட்டாது. பல்லுக்கு அடியில் துளை போட்டு, நைலான் அதற்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்படிதான் செய்வார்கள். கடி இடைவெளி குறைவாக இருந்தால் துளைக்கு இடமில்லாமல் பல் கழன்றுவிடும். தேய்க்கலாம் என்றாலும் நூல் நூலாகக் கிளம்பும், பழையபடி பளபளப்பாக்குவது கஷ்டம். சொரசொரப்பான இடத்தில் மஞ்சளும் காபியும் வெற்றிலைக் கறையும் பிடிக்கும், கிருமியும் தங்கும். விழுந்தால் உடையாது என்பது உண்மைதான், ஆனால் மாற்றம் தேவைப்பட்டால் பெரும்பாலும் முழுசாகப் புதிதாகச் செய்யவேண்டி வரும்.

இப்போது மேலே. பல் எடுத்த இடத்தில் எலும்பு வற்றுவது முதல் மூன்று மாதம் வேகமாக நடக்கும், ஆறு மாதம் வாக்கில்தான் ஓரளவு நிலைக்கு வரும். இப்போது விலை கொடுத்துச் செய்யும் எந்தச் செட்டுக்கும் அடியிலும் தீபாவளிக்குள் இடைவெளி விழும். சாப்பாடு புகும், பல் நீண்டு தொங்குவது மாதிரித் தெரியும். அதனால்தான் இப்போதைக்கு அக்ரிலிக் என்றேன். உங்கள் இரண்டாவது டாக்டர் இதை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் அவர் சொன்னது சரி. முன்பல் செட்டுக்குக் கொக்கியை முன்னால் போடவேண்டியதே இல்லை, அண்ணத்தில் படியும் தகடாகச் செய்து பின் பற்களில் கொக்கி போடச் சொல்லுங்கள். கல்யாண போட்டோவில் ஒரு கம்பியும் தெரியாது.

ஆறு மாதம் கழித்து இடம் ஆறியபின், மேலே இரு பக்கமும் பல் இருக்கும் அந்த இடைவெளிக்கு ஃபிளெக்சிபிள் யோசிக்கலாம். அதற்கு இரண்டு விஷயம் சரியாக இருக்கவேண்டும். பக்கத்துப் பற்களின் ஈறு ஆரோக்கியமாக இருக்கவேண்டும், கீழ் முன்பற்கள் மேல் அண்ணத்தை இடிக்கும் அளவுக்கு ஆழக் கடி இருக்கக்கூடாது. அந்தப் பற்களுக்கு எலும்பு நன்றாக இருந்தால் பிரிட்ஜே கட்டிவிடலாம். அப்போது இந்த விவாதமே தேவைப்படாது.

ஃபிளெக்சிபிள்தான் சரியான பொருள் என்று நானே எழுதிக்கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். பாக்கும் குட்காவும் போட்டுப் போட்டு வாயின் உள்தோல் நார் மாதிரி இறுகி, இரண்டு விரல்கூட நுழையாதவர்களுக்கு விறைப்பான செட்டை உள்ளே கொண்டுபோகவே முடியாது. வளையும் செட் மடங்கி நுழையும். அக்ரிலிக் திரவம் ஒத்துக்கொள்ளாமல் வாய் எரிந்து புண்ணாகிறவர்களுக்கும் நைலான் நல்ல மாற்று. இம்ப்ளான்ட் ஆறும்வரை சில மாதம் முன்பல் வேண்டும் என்பவர்களுக்கும் கொடுக்கிறேன்.

அக்ரிலிக் என்று முடிவு செய்தால் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "இது ஹீட் க்யூர்தானே டாக்டர்?" நான் மேலே சொன்னபடி சுடுநீரில் வேகவைத்துச் செய்வதுதான் அது. வேகவைக்காமல் வெறுமனே கலந்து இறுகவிடும் வகையும் உண்டு. வேகவைக்காத அந்த வகை சீக்கிரம் நிறம் மாறும், எளிதில் உடையும், மீந்த திரவம் அதிகம் கசிவதால் சிலருக்கு எரிச்சல் தரும். எந்த அக்ரிலிக் செட்டையும் வாயில் போடுமுன் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் நல்லது.

செட் வந்த பிறகு இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவையுங்கள். உலரவிட்டால் அக்ரிலிக் வடிவம் மாறும். இரவெல்லாம் போட்டே தூங்கினால் சுகர் உள்ளவர்களுக்கு அடியில் பூஞ்சை படர்ந்து அண்ணம் சிவந்துவிடும். வெந்நீர் ஊற்றாதீர்கள், பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள், அதிலுள்ள துகள் கீறல் போடும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கழுவும்போது கீழே ஒரு வாளித் தண்ணீரோ மடித்த துண்டோ இருக்கட்டும், விழுந்தாலும் உடையாது. அப்படியும் உடைந்தால் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடாதீர்கள். துண்டுகளைப் பொறுக்கி அப்படியே கொண்டுபோனால்தான் சரியாகப் பொருத்த முடியும். அப்புறம், தையல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டே, நூலைப் பல்லால் கடித்து அறுப்பது! இனி கத்தரிக்கோலை எடுங்கள். முன்பல் செட் கழன்று வர அந்த ஒரு வெடுக் போதும்.

ஆவணி வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. இந்த வாரமே ஈறைக் காட்டிவிட்டு, சுத்தம் செய்து ஆறியதும் மேலே அளவு கொடுங்கள். மெழுகில் பல் வைத்துக் காட்டும் நாளன்று கண்ணாடியில் நிதானமாகப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அன்றே சொல்லுங்கள், அதற்குப் பிறகு மாற்றுவது கஷ்டம். உங்கள் பழைய பற்கள் தெரியச் சிரித்த போட்டோ ஒன்று வீட்டில் இருக்கும், உங்கள் கல்யாண ஆல்பமாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துப் போங்கள். பல்லின் அகலம், லேசான சாய்வு, நடு இடைவெளி எல்லாம் லேபுக்குத் தெரிந்தால்தான் உங்கள் சிரிப்பு மாதிரியே வரும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னதாகவாவது செட் கைக்கு வந்துவிட வேண்டும். முதல் சில நாள் "ச", "ஸ" எல்லாம் கொஞ்சம் காற்றடிக்கும். தினமும் கால் மணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாகப் படியுங்கள், சம்பந்தி வீட்டார் வருவதற்குள் நாக்கு பழகியிருக்கும்.